வெள்ளிக்கிழமை சராசரி

ஜூன் 9, திங்கள்

மூன்று நாள் பயிற்சி முடிந்தது. நடத்தை அறிவியலாம். திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம், கூட இருக்கிற பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள் என்றார் பயிற்சியாளர். பதினெட்டு வருடம் தொண்டை கிழியக் கத்தியவளுக்கு இனித்தது. ஐந்தாம் வகுப்பை ஐந்து வரிசையாகப் பிரித்துவிட்டேன். வெள்ளிதோறும் கணக்குத் தேர்வு. சராசரி எழுபதைத் தாண்டும் வரிசைக்கு அரை மணி நேரம் மைதானம். மற்றவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

நான்கு வரிசைகள் தாண்டின. நான்காம் வரிசை மட்டும் அறுபத்தொன்று. அங்கேதான் நத்தை இருக்கிறாள். பிள்ளைகள் வைத்த பெயர், எனக்கும் ஒட்டிக்கொண்டது. நூற்றுக்குப் பன்னிரண்டு வாங்குகிறவளை வைத்துக்கொண்டு மற்ற ஐந்து பேரும் என்னதான் செய்வார்கள்?

ஜூன் 24, செவ்வாய்

நத்தை தனியாகச் சாப்பிடுகிறாள். வரிசையில் ஒருவரும் அவளோடு பேசுவதில்லை. முறை வேலை செய்கிறது.

ஜூன் 27, வெள்ளி

நத்தை வரவில்லை. நான்காம் வரிசை எழுபத்திரண்டு.

ஜூலை 11, வெள்ளி

மூன்றாவது வெள்ளியாக அவள் இல்லை. வராதவர்களைச் சராசரியில் சேர்ப்பதில்லை என்று விதி போட்டவள் நான். அந்த ஓட்டையைப் பத்து வயதுப் பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஜூலை 14, திங்கள்

கூப்பிட்டுக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை ஏன் வர்றதில்ல?"

"வரலைன்னா மத்த நாள்லாம் என்னைச் சேர்த்துக்குவாங்க மிஸ். சாப்பிடும்போது நடுவுல உக்கார வைப்பாங்க."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். வீட்டில் வயிற்றுவலி என்று சொல்கிறாளாம். பரிசு கொடுத்துப் பழக்குவது எப்படி என்று நான் மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சிகூடத் தேவைப்படவில்லை.

விதியை மாற்ற வேண்டும். நாளைக்கு.

ஜூலை 16, புதன்

மாற்றவில்லை. தலைமையாசிரியர் சொல்கிறார்: "இருபத்து மூணாம் தேதி அதிகாரிங்க வர்றாங்கம்மா. அன்னிக்கே தேர்வு வச்சு உங்க வகுப்பைத்தான் காட்டப்போறேன். அஞ்சு வரிசையும் தாண்டணும்."

ஜூலை 22, செவ்வாய்

சொல்லிவிட்டேன். தாழ்வாரத்தில், யாரும் இல்லாத நேரம் பார்த்து. நாளைக்கு வர வேண்டாம்மா என்று.

தலையாட்டினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். "வரலைன்னா நீங்களும் என்கூட நல்லாப் பேசுவீங்களா மிஸ்?"

பேசுவேன்னு சொன்னேன். சொன்னேனே — வாய் கூசலையே எனக்கு. டீச்சராம் டீச்சர். என்ன ஜென்மம் நான்?

ஜூலை 23, புதன்

ஐந்து வரிசையும் தாண்டின. அதிகாரிகள் கைதட்டினார்கள். அடுத்த மாதம் சராசரியை எண்பதாக உயர்த்தச் சொன்னார்கள்.

ஜூலை 28, திங்கள்

நத்தையின் அம்மா வந்தாள், மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. தலைமையாசிரியரும் இருந்தார்.

"நீங்களே வர வேண்டாம்னு சொன்னீங்களாமே?"

"நான் ஏங்க அப்படிச் சொல்லப்போறேன்?"

அங்கேயே மகளை அறைந்தாள் அம்மா. "பொய் வேற சொல்லுதியா?" பிள்ளை அழவில்லை. சொன்னது மிஸ்தான் என்று அடம்பிடிக்கவும் இல்லை. நான் அவளோடு பேசுவேன் என்று இன்னும் நம்பியிருக்கலாம்.

ஜூலை 31, வியாழன்

மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டார்கள். இனி வேலைக்குப் போகிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போகப்போவதாக அம்மா சொன்னாளாம். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்தேன். அழுகை பெருகி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாளை முதல் எண்பது. மணி அடித்த பிறகு, நான்காம் வரிசையில் இப்போது கடைசி மதிப்பெண் வாங்குகிறவள் மேசைக்கு அருகே வந்து நின்றாள்.

"மிஸ், நாளைக்கு நான் லீவு போடணுமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.