ஏழு மில்லிமீட்டர்

பிளோவ்டிவ், மார்ச் 6

அன்புள்ள மிலேனா,

விரலுக்குத் தட்டுப்படாத மார்புக் கட்டிகள் நாற்பதை நீ ஒன்றுகூடத் தவறாமல் எடுத்துவிட்டாயாம். உங்கள் ருசே மருத்துவமனையின் செய்தி மடலில் படித்தேன். படத்தில் அந்தக் கையடக்க ஸ்கேன் கருவியை, பெற்ற பிள்ளையைப் போலப் பிடித்திருக்கிறாய். கல்லூரியில் விரலால் கட்டி கண்டுபிடிப்பதில் முதல் பரிசு யாருக்கு என்று மட்டும் போடவில்லை.

13ஆம் தேதி நானும் அப்படி ஓர் அறுவை சிகிச்சை செய்கிறேன். நோயாளி, அக்கார்டியன் இசை ஆசிரியை ஸ்வெதானா. ஏழு மில்லிமீட்டர் புற்று.

நலம் வேண்டி நீ அனுப்பிய மார்ச் மாதச் சிவப்பு வெள்ளை நூலை இன்னும் கையில் கட்டவில்லை. வேலை அதிகம்.

கலீனா

ருசே, மார்ச் 9

கலீனா கண்ணே,

பரிசு உனக்குத்தான், நான் இரண்டாவது. 13ஆம் தேதி கருவியோடு வரட்டுமா? பயாப்ஸி ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கட்டினால், அதுவும் விரலுக்குக் கட்டி மாதிரிதான் இருக்கும்.

உன் மிலேனா

பிளோவ்டிவ், மார்ச் 11

மிலேனா,

வரவேண்டாம். என் விரல்களை நான் யாருக்கும் இரவல் கொடுத்துவிடவில்லை.

கலீனா

பிளோவ்டிவ், மார்ச் 20

மிலேனா,

ஆய்வகத்தின் அறிக்கை இன்று காலை வந்தது. நான் எடுத்த துண்டில் புற்று இல்லை; உறைந்த இரத்தம்தான். கட்டி உள்ளேயே இருக்கிறது. விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டதும், இடம் காட்டச் செருகும் கம்பிகூட வேண்டாம் என்றேன். உன் கடிதம் அப்போது என் பையில்தான் இருந்தது.

ஸ்வெதானாவிடம் மறைக்காமல் சொன்னேன். "உங்க விரல நம்பித்தான் படுத்தேன் டாக்டர்," என்றார். பிறகு, "இதத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கூப்பிடுங்க. வெக்கப்படாதீங்க," என்றார்.

கூப்பிடுகிறேன். வா.

கலீனா

ருசே, மார்ச் 24

கலீனா,

31ஆம் தேதி காலை வண்டியில் வருகிறேன். கருவியை நீதான் பிடிக்கவேண்டும்.

மிலேனா

பிளோவ்டிவ், ஏப்ரல் 1

அன்புள்ள மிலேனா,

நேற்று உன்னிடம் சொல்லாத ஒன்று. திரையில் கட்டி கறுப்பாகத் தெரிந்ததும், அதன் மேலேயே விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நர்ஸ் ருமியானா சொன்னதைக் கேட்டாய் அல்லவா: "இருவது வருஷமா கண்ண மூடிட்டுத் தேடினீங்க டாக்டரம்மா, இப்பவாவது தொறந்தீங்களே." எல்லோரோடும் சிரித்தேன். வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது, போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

உன் நூலை நேற்றுக் காலைதான் கட்டினேன், கணுக்காலில். அறுவை அறையில் மணிக்கட்டில் கட்டக் கூடாதே.

நேற்று எடுத்த துண்டின் ஓரங்களில் புற்று மிச்சமிருக்கிறதா என்ற அறிக்கை 9ஆம் தேதி வியாழன் மதியம் வரும். முதலில் ஸ்வெதானாவிடம் சொல்வேன். அடுத்து உன்னிடம்.

கலீனா