பந்தி முடியட்டும் என்றாய்

என் பிடிவாதக்கார அம்மாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நம் சுவா சூ காங் அடுக்குமாடி வீட்டில் எல்லாம் நீ வைத்த இடத்தில்தான் இருக்கிறது, அப்பாவைத் தவிர. அவர் சோபாவில் நீ உட்காரும் பக்கத்துக்கு மாறிவிட்டார். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். நன்றாகவே இல்லை. நான் “சூப்பர்ப்பா” என்று சொல்லிக் குடித்துவிடுகிறேன்.

இன்று உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சேகரன் அங்கிள். ஞாபகம் இருக்கிறதா, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் அப்பாவோடு கிரேன் ஓட்டியவர்? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். ஆன்ட்டிக்கும் உனக்கு வந்த அதே நோயாம். கீமோ போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் அங்கிளுக்கு அறுபது முடிகிறது. இந்த நிலைமையில் அறுபதாம் கல்யாணம் வைக்கலாமா, வேண்டாமா என்று அப்பாவிடம் கேட்கத்தான் வந்தார்.

அப்பா யோசிக்கவே இல்லை.

“தைரியமா வைங்க சேகர். எங்க அறுபதாம் கல்யாணத்தப்ப மல்லிகாவுக்கும் கீமோதானே? அன்னைக்கு அவளுக்கு ஒண்ணுமே இல்ல. கடைசிப் பந்தி வரைக்கும் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. காய்ச்சல் வந்ததெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.”

நான் தேநீர்த் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றேன்.

அன்றைக்கு நடந்தது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? அப்பா முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். நீதான் கேட்கவில்லை. “நட்சத்திரப் பிறந்தநாள் என் கீமோவுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?” என்று சண்டை போட்டாய். டாக்டர் அரைமனதாகச் சம்மதித்தார். நர்ஸ் ஒரு அட்டையைக் கொடுத்து எனக்கு இரண்டு தரம் விளக்கினார். காய்ச்சல் முப்பத்தெட்டு டிகிரியைத் தொட்டால் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும், மாத்திரை போட்டு மறைக்கக் கூடாது. அந்த அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தவளே நீதான்.

ஃபேரர் பார்க் பக்கம் அந்தச் சின்ன மண்டபத்தில் நீ எவ்வளவு அழகாக இருந்தாய்! கலச நீரை உனக்கு ஊற்ற வேண்டாம், தெளித்தால் போதும் என்று ஐயர் சொன்னதும், தலையில் படட்டும் என்று நீயே விக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தாய். “என்ன எல்லாரும் பாக்குறீங்க? எனக்கு ஷாம்பு வாங்குற வேலையே இல்லலா,” என்றாய். அத்தை அழுதுகொண்டே சிரித்தார். அப்பா இரண்டாவது முறை தாலி கட்டும்போது முடிச்சு இரண்டு தரம் நழுவியது. “இப்பவுமா?” என்று நீ மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது.

அப்புறம் பந்தி. நான் அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்தேன். நீ கண்ணைக் காட்டிக் கூப்பிட்டாய். உன் கையைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. உடை மாற்றும் அறைக்குள் கூட்டிப்போய், பையிலிருந்த தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டரை.

“கிளம்பும்மா, டாக்ஸி கூப்பிடுறேன்.”

“ஏய், இரு. இப்ப சொன்னா அத்தனை பேரும் பாதிச் சாப்பாட்டுல எழுந்திருவாங்க. அப்பா இன்னும் உக்காரவே இல்ல. பந்தி முடியட்டும்டி.”

“நர்ஸ் என்ன சொன்னாங்க?”

“நர்ஸ் ஆயிரம் சொல்லுவாங்க. ஏழு மாசமா அந்த மனுஷன் சிரிக்கல, இன்னைக்குத்தான் சிரிக்கிறாரு. ஒரு மாத்திரை குடு. அப்பாகிட்ட மட்டும் சொல்லிராத.”

கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்ததும் நான்தான். வெளியே வந்து பாயசம் பரிமாறினேன்.

எத்தனை முறை உன் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கிறேன்! கணக்கியல் படி என்றாய், படிக்கவில்லை. முடியை வெட்டாதே என்றாய், வெட்டினேன். அந்த ஒரு மத்தியானம் மட்டும் எதற்காக நல்ல பிள்ளையானேன், சொல்லு? உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைவிட என்மேல் இருக்கிறது. ஏனென்றால் பழி முழுவதும் உன்னுடையது இல்லை. எனக்கும் அந்தப் பந்தி முடிய வேண்டும் என்றுதான் இருந்தது. உன்னோடு ஏழு மாதமாக ஆஸ்பத்திரி வாடையிலேயே கிடந்த எனக்கு, தலையில் பூ வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுசாகக் கல்யாண வீட்டுப் பெண்ணாக நடமாட ஆசையாக இருந்தது. உன் நெற்றி சுடுகிறது என்று தெரிந்தும் போட்டோவுக்குச் சிரித்தேன்.

மூன்று மணி நேரம் அப்படிப் போனது. வீட்டுக்கு வந்து நீ படுத்த பிறகுதான், “இப்பதான்ப்பா லேசா சுடுது” என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் செருப்புக்கூடப் போடாமல் டாக்ஸியில் ஏறினார். கிருமி அதற்குள் இரத்தத்தில் பரவியிருந்தது. ஒன்பது நாள் இருந்தாய்.

கடைசி நாளில் டாக்டரைத் தனியாகப் பிடித்து, மூன்று மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஒன்றும் மாறியிருக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அந்த நல்ல மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். தேநீரை வைத்துவிட்டு, “அங்கிள், தெர்மாமீட்டர் ஒண்ணு கையோட வச்சுக்கோங்க” என்று மட்டும் சொன்னேன். “சும்மா பயமுறுத்தாதலா வாணி, அன்னைக்கு மண்டபத்துல என்ன ஆச்சு?” என்று அப்பா சிரித்தார். அங்கிளும் சிரித்தார். வந்தபோது இருந்த கவலை போய், தெளிந்த முகத்தோடு லிஃப்ட்டில் ஏறினார். கூடவே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவுக்குத் தெரியாமல் அவரிடம் எப்படிச் சொல்வது? அப்பாவிடம்தான் எப்படிச் சொல்வது?

தூங்கி எழுந்ததும் அந்த ஆல்பத்தைத்தான் அவர் பார்க்கிறார், தெரியுமா? உன் நோய், கீமோ, அந்த ஒன்பது நாள் எதையும் அவர் பேசுவதில்லை. மல்லிகா கடைசி வரைக்கும் சிரித்தாள் என்கிற அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறார். அதையும் நானே பிடுங்கப் போகிறேன். பிடுங்காமல் விட்டால், அடுத்த மாதம் ஆன்ட்டிக்குக் காய்ச்சல் வந்தாலும் யாராவது ஒருத்தர் பந்தி முடியட்டும் என்றுதான் சொல்வார்கள். அங்கிளுக்கும் ஒரே மகள்தான், அம்மா.

ஆகவே நாளைக் காலை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வேன். அதன்பிறகு இரண்டு பேருமாக அங்கிள் வீட்டுக்குப் போக வேண்டும், அப்பா என்னோடு வந்தால். அவர் திட்டினால் வாங்கிக்கொள்வேன். ஒன்றுமே பேசாமல் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டால்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

சொல்லிவிடுகிறேன் அம்மா. சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவரை யார் சமாதானப்படுத்துவது? இந்த வீட்டில் அந்த வேலை எப்போதும் உன்னுடையதாகத்தானே இருந்தது?

உன் ஒரே மகள்,
வாணி