பெரியம்மாவின் ஓரத்தில் உன் புள்ளிகள்

என் வீட்டுக்குச் சிநேகிதியாக வந்து, அண்ணாவைக் கட்டிக்கொண்டு மச்சாளாகிப்போன ஜெசிந்தாவுக்கு,

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. நீ இருந்தபோதும் நமக்குள் அந்த ஒழுங்குதானே. நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. கொட்டாஞ்சேனையில் உன் அம்மா ஆண்டுத் திருப்பலிக்கு எல்லாம் ஆயத்தம் செய்துவிட்டார். பூவுக்குச் சொல்லியாகிவிட்டது, பாடகர் குழுவுக்குச் சொல்லியாகிவிட்டது. நினைவு அட்டை மட்டும் அச்சகத்தில் காத்துக்கிடந்தது. அதற்குக் காரணம் நான்.

மாமி என்னிடம் கேட்டது ஒரே ஒரு வரி. உன் படத்துக்குக் கீழே போடுவதற்கு. "அன்பு மகள், அன்பு மனைவி எண்டு எல்லாரும் போடுறதுதானே பிள்ளை. என்ர மகள் என்ன கண்டுபிடிச்சவள் எண்டு நீ ஒரு வரி எழுதித் தா" என்றார். நான் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன். பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் உன்னோடு மேசை போட்டிருந்தவள் நான். எனக்குத் தெரியாததா?

அதே கிழமைதான் ஹென்ரிக்கின் மின்னஞ்சல் வந்தது. வெளிநாட்டிலிருந்து எங்கள் ஆய்வுக்குக் கைகொடுக்கிற நல்ல மனிதன், உன் செத்தவீட்டைக் கணினித் திரையில் பார்த்து அழுதவன். அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் எழுதியிருந்ததைக் கேள். எங்கள் கட்டுரையை இதழுக்காகப் பரிசீலித்தவருக்கு நீ காட்டிய புள்ளிகள் படத்தில் தெரியவில்லையாம். தானும் தேடிப் பார்த்தானாம், இல்லையாம். "ஜெசிந்தா நோயில் விழுந்து வருத்தமாக இருந்த காலம் அது. கருவியில் விழுந்த கறையை நட்சத்திர ஒளி என்று எண்ணியிருக்கலாம். அந்தப் பகுதியை எடுத்துவிடுவோம். அவளுடைய பெயருக்கும் அதுதான் மரியாதை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஜெசி. பிழை என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். இரக்கப்படுகிறவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். விண்மீன் மண்டலங்கள் பல இடங்களில் நூற்றுக்கணக்கில் கொத்தாகக் கூடி இருக்கின்றன. அப்படியான கொத்தின் நட்டநடுவில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று இருக்கும். கலியாண வீட்டில் நடுக்கதிரையில் அமர்ந்துகொண்டு, கிட்டப் போகிற ஆட்களையெல்லாம் இழுத்து அணைக்கிற பெரியம்மா மாதிரி என்று நீதான் பெயர் வைத்தாய். அன்றிலிருந்து நாங்கள் ஆராய்ந்த மண்டலம் எங்கள் இரண்டு பேருக்கும் பெரியம்மாதான். அட்டவணை எண்ணைச் சொன்னால் எனக்கு இப்போதும் யாரோ அந்நியரைச் சொல்வதுபோல இருக்கிறது.

பெரியம்மாக்களைச் சுற்றி வாயு ஏராளம். ஆனால் அது தாங்க முடியாத சூட்டில் இருக்கிற வாயு. அது ஆறி இறுகினால்தான் நட்சத்திரம் பிறக்கும். அது ஆறப் பார்க்கும்போதெல்லாம் நடுவிலிருக்கும் கருந்துளை திரும்பத் திரும்பச் சூடேற்றிவிடுகிறது. அதனால் பெரும்பாலான பெரியம்மாக்களிடம் புதிய நட்சத்திரங்கள் மிகக் குறைவு. சிலரிடம் மட்டும் வாயு எப்படியோ ஆறி, நூல் நூலாக இறங்கி, நட்சத்திரமாகிறது. எங்களுடையவள் அந்தச் சிலரில் ஒருத்தி இல்லை, அவளுடைய காலம் முடிந்துவிட்டது என்பதுதான் எல்லோருடைய முடிவும். நீ மட்டும் அவளுடைய ஓரத்தில் ஒரு நூலைக் கண்டாய். அந்த நூலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளைக் கண்டாய். புதிதாகப் பிறந்த நட்சத்திரங்கள் சுற்றியிருக்கிற ஐதரசன் வாயுவை ஒளிரவைக்கிற சிவப்பு அது என்றாய்.

அந்தப் புள்ளிகளைத்தான் கறை என்கிறார்கள்.

நான் கோழைத்தனமாக ஒரு வரி எழுதிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். "புதிய நட்சத்திரங்களைத் தேடியவள்." யாரும் பிழை பிடிக்க முடியாத வரி. அண்ணா கதவைத் திறந்துவிட்டு ப்ளேன்டீ ஊற்றப் போனார். சீனி போட இன்னும் மறக்கிறார். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"தேடினவளா? அப்ப கண்டுபிடிக்கேல்லையா?"

மூடி மறைக்க முடியவில்லை. ஹென்ரிக் எழுதியதை எல்லாம் சொன்னேன். பெரியம்மாவின் கதையையும் சொன்னேன். மாமி கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நடுவில இருக்கிற கிழவிக்கு இனிப் பிள்ளை பிறக்காது எண்டு எல்லாரும் சொல்ல, என்ர மகள் மட்டும் பிறக்குது எண்டு சொன்னவள். இதுதானே விசயம்?"

"ஓம் மாமி."

மாமி சிரித்துவிட்டார். "ஜெசி வயித்தில வரேக்க எனக்கு நாப்பது தாண்டிட்டுது. இந்த லேனில சிரிக்காத ஆள் இல்ல. டொக்டரே முதல்ல கட்டி எண்டுதான் சொன்னவர். இந்தக் கதையச் சொல்லச் சொல்லி அவள் சின்னனில எத்தின தரம் கேட்டிருப்பாள்."

இது எனக்குத் தெரியாதே, ஜெசி. பட்டியலில் எத்தனையோ மண்டலங்கள் இருக்க, ஒருவரும் சீண்டாத இவளை நீ ஏன் பிடித்துக்கொண்டு நின்றாய் என்று நான் எத்தனை தடவை எரிச்சல்பட்டிருப்பேன். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? உனக்கே தெரிந்திருந்ததா?

மாமி சிரிப்பை நிறுத்திவிட்டு அட்டைக்கான தாளை என்னிடமே திருப்பித் தந்தார். "போடுறதெண்டா உண்மையப் போடு. இல்லாட்டி ஒண்டும் போடாத. பொய் போட்டா அவள் மேல இருந்தே ஏசுவாள். பயந்து எழுதினாலும் ஏசுவாள். நீ போய் வடிவாப் பாத்திட்டு வா. அச்சகத்துக்கு நான் சொல்லுறன்."

அந்தச் சனிக்கிழமை, வெள்ளவத்தை வீட்டில் கடல்பக்கத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வெயில் திரையில் விழாமல் உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வருகிற துகள்கள் தொலைகாட்டியின் கருவியில் மோதும்போது, படத்தில் கூர்மையான புள்ளிகளாக விழும். கையால் துடைத்து மாளாது என்று ஒரு மென்பொருளிடம் கொடுத்துவிடுவோம். கூர்மையாக எதைக் கண்டாலும் அது குப்பை என்று துடைத்துத் தரும். துடைத்த படத்தைத்தான் எல்லோரும் பார்ப்போம். துடைக்காத படத்தைத் திறந்து பார்க்கிறவர்கள் அரிது. நீ அவர்களில் ஒருத்தி, பிடிவாதக்காரி.

இன்னொரு பிடிவாதமும் உனக்கு இருந்தது. அதே இடத்தைத் தனித்தனியாகப் பல தடவை எடுக்கவேண்டும், ஒவ்வொரு தடவையும் தொலைகாட்டியைக் கொஞ்சம் நகர்த்தவேண்டும் என்று நின்றாய். நேரம் வீண் என்று ஹென்ரிக் முணுமுணுத்தான். நானும் அவன் பக்கம்தான் தலையாட்டியிருப்பேன். துகள் எங்கேயாவது ஒருமுறை மோதிவிட்டுப் போய்விடும். வானத்து ஒளி அப்படி இல்லை. தொலைகாட்டி எவ்வளவு நகர்ந்தாலும் அது தன் மண்டலத்தை விட்டு விலகாது.

துடைக்காத முதல் படத்தைத் திறந்தேன். அரிசியைக் கொட்டிச் சிந்தினது போல எங்கும் புள்ளிகள். இரண்டாவதை எடுத்து, பெரியம்மாவின் மேல் பெரியம்மாவாகப் பொருத்தி வைத்தேன். முதல் படத்தில் இருந்த அநேகமான புள்ளிகள் இதில் இல்லை. நூலில் இருந்தவை இருந்தன. அடுத்ததிலும் இருந்தன. கடைசிப் படத்திலும் இருந்தன, அதே இடத்தில், அதே சிவப்பில். கீழே காலி நகரத்துக்குப் போகிற ரயில் ஜன்னலை அதிரவைத்துக்கொண்டு போனது. நான் வாய்விட்டு அழுதேன். மென்பொருள் குப்பையோடு சேர்த்து உன் புள்ளிகளையும் துடைத்திருந்தது, அவ்வளவுதான். நீ எந்த வருத்தத்திலும் தடுமாறவில்லை.

ஒன்றைத் தவிர. நூலின் நுனியில், 'கடைக்குட்டி' என்று நீ செல்லம் கொஞ்சுகிற அந்தப் புள்ளி ஒரே ஒரு படத்தில்தான் இருக்கிறது. அது குப்பைதான், ஜெசி. அதை நான் எடுத்துவிட்டேன். மூஞ்சியை நீட்டாதே.

ஹென்ரிக்குக்குப் படங்களை அனுப்பிவிட்டு உடனே அழைத்தேன். அவன் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். பிறகு மன்னிப்புக் கேட்டான், மனதாரக் கேட்டான். ஆனால் கேள்வியை விடவில்லை. "ஒளி உண்மை. அதை ஏற்றியது நட்சத்திரங்களா, கருந்துளையா?" நல்ல கேள்வி. புள்ளிகள் கருந்துளையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கின்றன, அதே இடத்தில் இளம் நட்சத்திரங்களுக்கே உரிய நீலமும் மங்கலாகத் தெரிகிறது என்றேன். அந்த மங்கல் போதாது என்றான். போதாதுதான். "அப்படியென்றால் அந்தப் பகுதியை இப்போதைக்கு எடுத்துவைப்போமா?" என்றான்.

மாட்டேன் என்றேன். பகுதி இருக்கும். உறுதியானது உறுதி என்றும், சந்தேகமானது சந்தேகம் என்றும் எழுதுவேன். உன் பெயர் முதலில் இருக்கும். திருப்பி அனுப்பினால் திருத்தி அனுப்புவேன், மறுபடி திருப்பினால் வேறு இதழுக்கு அனுப்புவேன். அந்த நீலத்தைக் கூர்மையாக அளக்கத் தொலைகாட்டி நேரம் கேட்டு விண்ணப்பமும் போட்டுவிட்டேன். தொலைகாட்டியைப் பல தடவை நகர்த்தச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். ஹென்ரிக் இந்த முறை முணுமுணுக்கவில்லை.

திரும்பவும் கொட்டாஞ்சேனை. திரும்பவும் சீனியில்லாத ப்ளேன்டீ. புதிய வரியை மாமியிடம் நீட்டினேன். "எல்லோரும் முடிந்ததென்று விட்ட இடத்தில் புதிய நட்சத்திரங்களைக் கண்டவள்."

"ஒளி இருக்கிறது உறுதியோ?"

"உறுதி மாமி. நான் என்ர கண்ணால பாத்தனான்."

"அது நட்சத்திரம் எண்டுறது?"

"எனக்கு உறுதி. மற்றவைக்கு இன்னும் காட்டோணும்."

மாமி பேனையை வாங்கி, 'நட்சத்திரங்களை' என்ற சொல்லை வெட்டிவிட்டு, 'ஒளியை' என்று எழுதினார். அண்ணா எட்டிப் பார்த்தார். என் முகம் வாடியதை மாமி கண்டிருக்கவேண்டும்.

"ஏன் பிள்ளை முகத்தைத் தொங்கப் போடுறாய்? இனி வருசா வருசம் பூசை வைப்பன்தானே. நட்சத்திரத்தை அடுத்த வருசக் கார்ட்டில போடுவம். நீ கொண்டா."

ஆகவே கேள், ஜெசி. பெரியம்மா இப்போது சூரியனுக்குப் பின்னால் இருக்கிறாள். சில மாதங்களில் வெளியே வருவாள். இந்த முறை நேரம் தராவிட்டால் அடுத்த முறை கேட்பேன், அதற்கும் அடுத்த முறை கேட்பேன். அடுத்த ஆண்டுத் திருப்பலிக்கு நான் வெறுங்கையோடு அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன். உன் அம்மா வெட்டிய சொல்லை உன் அம்மாவின் கையாலேயே திரும்ப எழுதவைப்பேன்.

விடாப்பிடியில் இப்போது உன்னையும் மிஞ்சிவிட்ட
உன் மச்சாள்,
கௌரி
வெள்ளவத்தை