கால்வாய்ச் சுவரின் பச்சை

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிடுகிறாய், வெயிலில் தொப்பியோடு நிற்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று சிரிக்காதே. போனில் உன் பெயரைச் சொன்னாலே அடுத்த அறையில் தையல் மிஷின் நின்றுவிடுகிறது. நான் பேசி முடித்த பிறகுதான் மறுபடி ஓடுகிறது. உன் அம்மா உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டாள். உன்னைப் பற்றிய ஒரு வார்த்தையையும் தவறவிட மாட்டாள். அவள் காதுக்குப் பயந்துதான் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் ஓய்வுபெற்ற வாத்தியார் வந்தார். போன மாதம்தான் அவருக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். "என்னப்பா கண்ணாடி இது? கால்வாய்ச் சுவரு பச்சையா தெரியுது" என்று சண்டைக்கு நின்றார். கண்ணைச் சோதித்தேன், குறையில்லை. கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினேன். அடுத்ததாக ரொட்டிக்கடைக்காரர் அதே புகாரோடு வந்தார். அவர் கண்ணாடியே போடுவதில்லை. இன்னொருவர் வருவதற்குள் கடையைப் பூட்டிக்கொண்டு நானே கால்வாய்க்குப் போய்விட்டேன்.

நீ கான்கிரீட் கலவை எழுதிக் கொடுத்த புதுச் சுவரில், வார்ப்புக்கு அடித்திருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரித்திருந்தார்கள். அம்மாடி, என்ன நிறம் அது! பச்சை என்றால் பச்சையும் இல்லை, நீலம் என்றால் நீலமும் இல்லை. புறாவின் கழுத்தைப் பார்த்திருக்கிறாயே, அதைச் சுவராக நிறுத்தி வைத்தது போல இருந்தது. பாசி என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. முகர்ந்து பார்த்தேன். ஏதோ லேசாக வாடை வந்தது. அது கால்வாயின் வாடையாகவும் இருக்கலாம். எந்நேரமும் குடையோடு நிற்கும் உங்கள் கட்டட மேற்பார்வையாளரைக் கேட்டேன். "உங்க பொண்ணு போட்ட கலவைதானே சார், அவங்களையே கேளுங்க" என்று குடையைச் சுழற்றினார். ஆகவே உன்னையே கேட்கிறேன். அதற்குள் என்ன போட்டாய்?

அம்மாவைப் பற்றி நீ கேட்க மாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். தையல் வேலை குறையவில்லை. கால்வாய்க்காக அவளுடைய தையல் கடை இடிபட்ட பிறகு முன்னறையிலேயே மிஷினைப் போட்டுக்கொண்டாள். ஜன்னல் பக்கம் போடலாம் என்றேன். ஜன்னலைத் திறந்தால் கால்வாய் தெரியும் என்று சுவரைப் பார்த்தபடி போட்டுவிட்டாள். கால்வாய் அந்த இடத்தில் வளைந்தால்தான் வெள்ளம் தெருவுக்குள் ஏறாது, அதற்குக் கடை போகத்தான் வேண்டும் என்று நீ சொன்னது எனக்குப் புரிகிறது. அவளுக்கும் புரியாமல் இல்லை. ஆனால் இடிக்கச் சொன்ன வரைபடத்தில் பொறியாளர் என்று மகள் கையெழுத்து இருந்ததை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். புரிவது வேறு, பொறுப்பது வேறு.

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா

*

அன்புள்ள சிட்டு,

உன் கடிதம் கிடைத்தது. கதை படிப்பது போல இரண்டு முறை படித்தேன். இரும்பு உருக்கும் உலையில் மேலே மிதக்கும் கசடை வாரி, மாவாக அரைத்து, சிமெண்டில் பாதிக்கு மேல் குறைத்துவிட்டு அதைச் சேர்ப்பார்களா! சிமெண்ட் சுடுவதற்கு எழும் புகை அவ்வளவும் மிச்சம் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு, சிமெண்ட் மூட்டையைப் பார்த்தாலே எனக்கு இருமல் வருகிறது. நிறத்துக்குக் காரணம் கசடில் இருக்கும் கந்தகம் என்கிறாய். கந்தகம் மஞ்சள் ஆயிற்றே, பச்சை எங்கிருந்து வந்தது? காற்றும் வெயிலும் பட்டால் தானாக வெளுத்துவிடும் என்கிறாய். எத்தனை நாளில்? இதையெல்லாம் விளக்கமாக எழுது. கடையில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதில் சொன்னதில்தான் வினை வந்தது. நான் நல்லது என்று நினைத்து, "ஒண்ணுமில்லீங்க, இரும்பு உலைக் கசடு கலந்திருக்கு, அதான்" என்று ரொட்டிக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் 'கசடு' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அது 'கழிவு' ஆயிற்று. மறுநாள் 'விஷம்' ஆயிற்று. "ஆலைக் குப்பையைக் கொட்ட இடமில்லாம நம்ம தெருவுல சுவரா நிறுத்திட்டாங்க. முதல் வெள்ளத்துக்கே கரைஞ்சிடும்" என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாராம். வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

இப்போது சுவரை இடித்துவிட்டுப் பழைய மாதிரி கட்டச் சொல்லி நகராட்சிக்கு மனு போயிருக்கிறது. வருகிற ஞாயிறு கால்வாய்க்கரையிலேயே கூட்டம். இடித்தால் மழைக்குள் திரும்பக் கட்ட முடியாது, தெருவுக்குள் தண்ணீர் வரும் என்று குடைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். ஒப்பந்தக்காரர் வேறு ஒரு வழி சொல்கிறார். "வெள்ளைப் பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சா பேச்சு அடங்கிடும்" என்று டப்பாக்களைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டார். அது சரிதானா? உடனே எழுது.

இன்னொன்று. உன் மேலதிகாரிகள் உன்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்களா? நீ எழுதவில்லை. நீ எழுதாத விஷயம்தான் எனக்கு முதலில் தெரிகிறது.

உன் கடிதத்தைக் கடையில் கண்ணாடிக் கூடுகளுக்கு அடியில் பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறேன். கவலைப்படாதே.

அப்பா

*

அன்பு மகளுக்கு,

கூட்டம் முடிந்து நேராக வந்து எழுதுகிறேன்.

பெயிண்ட் அடிக்கவே கூடாது, அடித்தால் காற்றுப் படாமல் நிறம் உள்ளேயே தங்கிவிடும் என்ற உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதை எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன். அதற்குள் பெயிண்டர் ஒருவர் ஏணியில் ஏறிவிட்டார். நான் கீழே நின்று கத்தினேன், அவர் காதில் வாங்கவில்லை. குடைக்காரர் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு அவரைக் கீழே இறக்கினார். முதல் முறையாக அவர் கையில் குடை இல்லாமல் பார்த்தேன்.

கூட்டம் சேர்ந்தது. நகராட்சிப் பொறியாளர் சுவரில் துளையிட்டு எடுத்த உருளையை உடைத்துச் சோதித்துவிட்டு, போதுமான பலம் இருக்கிறது என்று தாளைக் காட்டினார். ரொட்டிக்கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி என்றே எனக்குப் பட்டது. "பலம் இருக்கட்டும் சார். தானா வெளுத்துடும்னு சொல்றீங்களே, யார் பாத்தது? பச்சை இன்னும் அப்படியேதான் இருக்கு. நாளைக்கு எங்க பிள்ளைங்க இதுல சாஞ்சு நிக்கும்" என்றார். பொறியாளர் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னார். கூட்டம் முணுமுணுத்தது. நான் எழுந்து உன் கடிதத்தைப் படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்வரிசையில் இருந்து உன் அம்மா எழுந்தாள். அவள் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. நேராகச் சுவரின் வளைவுக்குப் போனாள். அவள் கடை இருந்த அதே இடம். அங்கே இடுப்பு உயரத்தில் ஒரு கறுப்பு ரெக்சின் துண்டு ஒட்டியிருந்தது. ஏதோ கிழிசல் என்று நானும் பலமுறை பார்த்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். அதை ஓரத்தில் பிடித்துச் சர்ரென்று உரித்தாள்.

சிட்டு, நீ பார்த்திருக்க வேண்டும். ரெக்சின் இருந்த இடம் மட்டும் முதல் நாள் பார்த்த அதே புறாக் கழுத்துப் பச்சை. அதைச் சுற்றிச் சுவர் வெளுத்துச் சாம்பலாக இருந்தது. தினம் பார்த்துப் பார்த்து, வெளுத்ததே எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

"பலகை பிரிச்ச மறுவாரம் ஒட்டினேன், அப்போ சுவரு பூரா பச்சை. மூடி வச்ச இடம் பச்சையா இருக்கு, காத்துப் பட்ட இடம் வெளுத்துடுச்சு. நீங்களே தொட்டுப் பாத்துக்கங்க" என்றாள். எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர், "உங்க பொண்ணுக்காகப் பேசறீங்களாக்கும்" என்று கேட்டுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன். "என் கடையை இடிக்கச் சொன்னவ அவ. எனக்குக் கோவம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. அவ எழுதினது பொய்யா இருக்கணும்னுதான் இதை ஒட்டினேன். பொய்யா இல்லையே, என்ன பண்ணச் சொல்றீங்க?"

சுவர் நிற்கட்டும் என்று முடிவாயிற்று. பெயிண்ட் டப்பாக்கள் வண்டி ஏறிவிட்டன. ரொட்டிக்கடைக்காரர் மட்டும், மழை வந்து பார்த்த பிறகுதான் நம்புவேன் என்று சொல்லிக்கொண்டே போனார். போகட்டும், நம்புவதற்கு அவருக்கும் ஒரு மழை வேண்டுமல்லவா?

வீடு திரும்பும் வழியில்தான் கேட்டேன், சிட்டு எழுதினது உனக்கு எப்படித் தெரியும் என்று. கண்ணாடிக் கூடுகளைத் தூசி தட்டுவது யார் என்று திருப்பிக் கேட்டாள். ஊருக்கெல்லாம் பார்வை பார்க்கிற எனக்கு இது தெரியவில்லை பார்!

மேலிடத்துக்கு விளக்கம் எழுதிக்கொடுத்ததை நீ கடைசியில் ஒப்புக்கொண்டாய். பொறியாளர் தன் அறிக்கையை அங்கேயும் அனுப்புவதாகச் சொன்னார். நிம்மதியாகத் தூங்கு. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கை பட்டதெல்லாம் நிலைத்து நிற்க வேண்டும்.

உன் அப்பா

தாளில் இடம் இருக்கிறதா என்று உன் அம்மா கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

சோதிக்க உடைத்த உருளையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தேன். மிஷின் மேல் இருக்கிறது. வெளியே வெளுத்துவிட்டது. உடைந்த பக்கத்தைப் பார்த்தால் உள்ளே இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. அது எப்போது மாறும் என்று உன் அப்பாவைக் கேட்டால் தெரியவில்லை என்கிறார். நீ அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். வந்து சொல்.