மூன்று புள்ளி வைத்த பெயர்

என் அன்பு மகன் ஆன்ஷெலுக்கு, இங்கே நானும் உன் அம்மா ப்ரைன்லேயும் நலம், பசுக்களும் நலம், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில், சின்சினாட்டியில் நீயும் அப்படியே இருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால் நானேதான், வழக்கமாக எனக்கு எழுதித்தரும் ஆசிரியரின் கை இல்லை. பக்கத்து வீட்டு குனிகுண்டே அம்மா குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். எபிரேய ஜெபப் புத்தகத்தைக் கண்ணால் தொடர மட்டுமே தெரிந்த எனக்கு இந்த ஜெர்மன் எழுத்துகள் பனியில் வாத்து நடந்த தடம் போல இருக்கின்றன. உன் அம்மா எட்டிப் பார்த்து, "மாட்டு வியாபாரிக்கு இந்த வயசுல மை கேக்குதாக்கும், தாடியெல்லாம் கறை" என்று சிரிக்கிறாள்.

உன் கடிதத்தையும் நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். அங்கே நம்மைப் போல ஸ்டெர்ன் என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் பெருகிவிட்டார்கள், உன் கடைக்கு வரும் துணி மூட்டைகள் வேறு ஸ்டெர்ன் கடைக்குப் போய்விடுகின்றன, அதனால் பெயரை மாற்றிக்கொள்ளட்டுமா அப்பா என்று கேட்டிருக்கிறாய். அந்த வரி வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மாட்டுக் கொட்டிலில் போய் நின்றேன்.

அந்தப் பெயர் வந்த மாலையை உனக்குச் சொன்னதேயில்லை. நீ அப்போது கைக்குழந்தை. யூதர்களான நம்மவர்கள் எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசரின் ஆணை, அதுவரை என் பெயர் வெறும் 'மெயரின் மகன் ஹயும்' என்பதுதான். பதிய வந்த அதிகாரி சனிக்கிழமை பார்த்து வந்து சேர்ந்தார். ஓய்வுநாளில் பேனாவைத் தொடமாட்டோம், வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால்தான் நாள் முடியும் என்றோம். "அதுவரைக்கும் நான் இங்க கொசுவுக்குத் தீனியா" என்று முனகினார், உன் அம்மா ரொட்டி கொடுத்து உட்காரவைத்தாள். எல்லாரும் முற்றத்தில் அண்ணாந்து நின்றோம். எதிர்வீட்டு ஃபாலிக், "மாட்டுப் பல்லையே பாக்குற கண்ணுய்யா உனக்கு, வானம் எங்க தெரியப்போகுது" என்றான். மேகம் விலகி ஒன்று வந்தது, காட்டின் மேல் இன்னொன்று. மூன்றாவது வெகுநேரம் வரவே இல்லை. பிறகு அம்மாவின் தோளில் தூங்கிய உன் தலைக்கு நேர் மேலே வந்தது, முதலில் கண்டவன் நான். அந்த மகிழ்ச்சியிலேயே போய், ஸ்டெர்ன், நட்சத்திரம், அதுதான் என் பெயர் என்றேன். "எனக்கும் அதையே போடுங்க" என்றான் ஃபாலிக், எங்களுக்குள் ஒரு சொந்தமும் கிடையாது. எழுதத் தெரியாத மற்றவர்கள் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி போடுவார்கள், நாம் போடமாட்டோம் அல்லவா, நான் மூன்று புள்ளி வைத்தேன்.

எத்தனை ஊர்களில் எத்தனை பேர் அப்படி அண்ணாந்து நின்றார்களோ. சந்தைத் தெருவில் செருப்புத் தைப்பவரும் ஸ்டெர்ன்தான், ஞாயிறுதோறும் தேவாலயம் போகிறவர், அவருடைய பாட்டனும் ஏதோ ஓர் இரவில் வானத்தைப் பார்த்திருப்பார். இதை நினைத்துக்கொண்டே கிடந்தால் எனக்குத் தூக்கத்திலும் வெளிச்சமாக இருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். கடை உன்னுடையது, மாற்றிக்கொள் மகனே, எனக்கு வருத்தம் இல்லை, கொஞ்சம் இருந்தது, கொட்டிலிலேயே விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் செய். கடித உறையின் மேல் உன் பெயரை என் கையாலேயே எழுத வேண்டும் என்றுதான் எழுதக் கற்றேன். ஆகவே புதுப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு, இன்னொரு குளிர்காலம் உட்கார்ந்து அதையும் பழகிவிடுகிறேன்.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. வெள்ளி மாலைகளில் உன் தலையில் வைத்து ஆசி சொன்ன கைகளை இப்போது காற்றில் வைத்துச் சொல்கிறேன், ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா
ஹயும் ஸ்டெர்ன்
. . .
(புள்ளிகளும் வைத்துவிட்டேன், பழகிய கை கேட்கவில்லை.)