பதினொன்றாம் எண் வில்லை

மார்ச் 3, திங்கள்

காலையில் கிளம்பும்போதே ஷூ லேஸ் அறுந்தது. அப்போதே லீவு போட்டிருக்க வேண்டும்.

மதியம் மாப்பிள்ளை நான் வேலை பார்க்கும் சோதனைக்கூட வாசலில் வந்து நின்றார். தங்கை புருஷன். எங்கள் தொழிற்சாலையில் ஆறு மாதமாக, ஹைட்ரஜன் டேங்க் மேல் கார்பன் இழை சுற்றும் மிஷினை ஓட்டுகிறார். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். முகத்தில் ஈயாடவில்லை. பதினொன்றாம் எண் டேங்கைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, குழந்தை பள்ளியில் விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது என்று போன் வந்ததாம். மிஷினை நிறுத்திவிட்டு வெளியே ஓடியிருக்கிறார். மூன்று தையல், வேறொன்றுமில்லை. ஆனால் திரும்பி வர நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் இழை நனையும் ரெசின் பசை இறுக ஆரம்பித்திருக்கிறது. பதற்றத்தில் அதிலேயே மீதி அடுக்குகளைச் சுற்றி முடித்துவிட்டார். அடுத்த டேங்குக்குத்தான் புது ரெசின் ஊற்றினாராம்.

“டேங்கோட கார்டுல எழுதிடறேன் மச்சான். நாப்பது நிமிஷம் நின்னுச்சுன்னு எழுதிட்டா மேல பாத்துப்பாங்க.”

“எழுதாதீங்க,” என்றேன். “நான் பாத்துக்கறேன்.”

வேறு யாராவது இருந்தால் காதைத் திருகி எழுத வைத்திருப்பேன். மாப்பிள்ளை ஆயிற்றே.

மார்ச் 6, வியாழன்

முப்பது டேங்கிலும் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்தோம். பஸ்ஸில் எழுநூறு பார் அழுத்தத்தில் ஹைட்ரஜன் இருக்கும். நாங்கள் ஆயிரத்து ஐம்பது வரை ஏற்றுவோம். பதினொன்று மற்றதைப் போலவே சமர்த்தாக நின்றது.

பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருக்குக் காது குத்துகிறேன்? சரியாக ஒட்டாத அடுக்கு ஒருநாள் அழுத்தத்தில் காட்டிக்கொடுக்காது. சில ஆயிரம் தடவை நிரப்பிக் காலி செய்தபின் காட்டும். இல்லையென்றால் வெடிக்கும்வரை அழுத்த வேண்டும்.

நாளைக்கு அதுதான். முப்பதில் ஒன்றை வெடிக்க வைப்போம். அது 1575 பாரைத் தாண்டினால் மீதி இருபத்தொன்பதும் பாஸ். எந்த ஒன்று என்பது குலுக்கலில் வரும்.

முப்பதில் ஒன்று. பதினொன்று வருவதற்கு அவ்வளவுதான் வாய்ப்பு.

மார்ச் 7, வெள்ளி

செய்துவிட்டேன்.

எண் குத்திய முப்பது அலுமினிய வில்லைகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கும். வாங்குகிறவர்களின் ஆய்வாளர் எதிரில் நிற்பார். கையில் கிடைத்த காகிதத்திலெல்லாம் பச்சை மார்க்கரால் புள்ளி வைப்பவர், அதனால் எங்களுக்கு அவர் ‘பச்சைப்புள்ளி’. நான் டப்பாவைக் குலுக்கி ஒன்றை எடுப்பேன். வில்லைகளை யாரும் எண்ணிப் பார்த்ததே கிடையாது. பன்னிரண்டு வருடமாகக் குலுக்குகிறவன் நான், என்னிடம் போய் யார் எண்ணச் சொல்வார்கள்?

இன்று டப்பாவில் இருபத்தொன்பதுதான் இருந்தன. பதினொன்று என் சட்டைப் பையில்.

நான்காம் எண் வந்தது. 1812 பாரில் வெடித்தது. பச்சைப்புள்ளிக்கு ஏகச் சந்தோஷம். கையைப் பிடித்துக் குலுக்கி, “உங்க கை எப்பவுமே நல்ல கைதான் சார்” என்றார்.

அந்தக் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். கிறுக்குத்தனம்.

மார்ச் 8, சனி

சாப்பிடவில்லை. மனைவியிடம் வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

துணி ஊறவைக்கும்போது மனைவி வில்லையை எடுத்துக்கொண்டு வந்தாள். “என்னங்க இது?” பழைய மிஷினில் கழன்ற பாகம் என்றேன். சரி என்று ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

தங்கை குழந்தையோடு வந்திருந்தாள். நெற்றியில் சின்னக் கட்டு, மற்றபடி வாலுத்தனம் குறையவில்லை. மாப்பிள்ளை வரவில்லை, உடம்பு அசதி என்றாராம். கிளம்பும்போது தங்கை சொன்னாள்: “அவரு எல்லாம் சொன்னாரு. நீ இருக்கறவரைக்கும் எங்களுக்கு என்ன கவலைண்ணே.”

இவளுக்காகத்தான் செய்தேனா? உண்மையை இங்கேயாவது எழுது. அன்று வாசலில் அவர் நின்றபோது குழந்தை ஞாபகம் வரவில்லை, தங்கை ஞாபகம் வரவில்லை. ‘இவன் கொண்டுவந்து சேர்த்த ஆள்’ என்று நாலு பேர் பேசுவார்களே, அதுதான் வந்தது. என் மூக்கு உடையக்கூடாது. அவ்வளவுதான். அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

மார்ச் 12, புதன்

டேங்குகள் போகவிருக்கும் பஸ் கம்பெனியிலிருந்து எட்டு டிரைவர்கள் வந்தார்கள். எரிவாயு நிரப்பும் முறையைக் கற்றுக்கொள்ள வந்தவர்கள். சுற்றிக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பேக்கிங் பகுதியில் டேங்குகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ஒரு டிரைவரம்மா, ஐம்பது வயதிருக்கும், ஒரு டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இது எங்க தலைக்கு மேல கூரையிலதானே இருக்கும்? தைரியமா ஓட்டலாமா சார்?”

“தைரியமா ஓட்டுங்கம்மா.”

அவர் தட்டியது பதினேழு. அதற்கு நான் சத்தியமே செய்வேன். ஆனால் கை நீட்டும் தூரத்தில் பதினொன்று கிடந்தது, அதற்கும் சேர்த்துத்தானே சொன்னேன்? அந்தம்மா நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார். சீ. என்ன ஜென்மம் நான்!

லாரி வெள்ளிக்கிழமை.

மார்ச் 13, வியாழன்

காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தேன். மேனேஜரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கத்தியிருந்தால் தேவலை.

“நான் அன்னிக்கே எழுதறேன்னுதானே சொன்னேன் மச்சான்.”

தலையைக் குனிந்துகொண்டு மாடிப்படி ஏறினேன்.

மேனேஜர் மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். எழுதாதே என்று சொன்னது நான், வில்லையை எடுத்தது நான் என்று இரண்டையும் சொன்னேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அந்த வில்லை இப்ப எங்க இருக்கு?” காலையில் ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்து வந்ததைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அதைத் தொடவில்லை. போனை எடுத்து லாரியை நிறுத்தச் சொன்னார்.

மார்ச் 17, திங்கள்

பதினொன்றை இன்று வெடிக்க வைத்தார்கள்.

சோதனைக்கூடத்தில் என் இடத்தில் பக்கத்துப் பிரிவுப் பெண் உட்கார்ந்திருந்தார். நானும் மாப்பிள்ளையும் மேடமும் பச்சைப்புள்ளியும் தடுப்புச் சுவருக்கு இப்பால், திரையைப் பார்த்துக்கொண்டு. ஆயிரம். ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து நானூறு.

அப்போது என் மனதில் ஓடியதை எழுதியே ஆக வேண்டும். உடை, சீக்கிரம் உடை, 1575-க்குக் கீழேயே உடைந்துவிடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். உடைந்தால் நான் சொன்னது சரி என்று ஆகும். தப்பு செய்தவன் நல்லவனாகிவிடலாம். பக்கத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் கை சுற்றிய டேங்க் அது. அது தோற்க வேண்டும் என்று, அவரை உரசிக்கொண்டு நின்று வேண்டிக்கொள்கிறேன். ஒரு தப்பைச் சொல்லித் தீர்க்கப் போன இடத்தில் இன்னொன்று.

1590-இல் வெடித்தது.

பாஸ். பதினைந்து பார் வித்தியாசத்தில் பாஸ். பச்சைப்புள்ளி மார்க்கரை மூடியபடியே வைத்திருந்தார். கடைசியில் மேடம்தான் சொன்னார்: “நாலாம் நம்பர் 1812. இது 1590. விதிப்படி தேறிடுச்சு. ஆனா இதை நான் யார் தலைக்கு மேலயும் வெக்க மாட்டேன்.”

மார்ச் 20, வியாழன்

முடிவு வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு மாதம் மறுபயிற்சி, பிறகு அதே மிஷின். உடனே வந்து சொன்னவர் என்பதால். நான் சோதனைக்கூடத்திலிருந்து பேக்கிங்குக்கு. சரிதான். இன்னும் அதிகம் கிடைத்திருக்க வேண்டும்.

தங்கை போன் செய்தாள். “காப்பாத்தறேன்னு நீயே எழுத வேணாம்னுட்டு, அப்புறம் நீயே போயி சொல்லியிருக்க. ஊரே அவரைப் பாத்து சிரிக்குது.” வைத்துவிட்டாள். பிறகு நான் போட்டும் எடுக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

குலுக்கலுக்கு முன் இப்போது வில்லைகளைச் சத்தமாக எண்ணுகிறார்கள். பேக்கிங்கில் அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாலும் கேட்கிறது. பதினொன்று தாண்டும்வரை கை ஓடவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

மாப்பிள்ளை மிஷினுக்குத் திரும்பிய பிறகு சுற்றிய முதல் டேங்குகள் இன்று பேக்கிங்குக்கு வந்தன. ஒவ்வொன்றோடும் அதன் கார்டு வரும். அதை உறையில் போட்டு டேங்கோடு ஒட்டுவது என் வேலை. கார்டைப் படிக்க வேண்டிய அவசியமில்லை. படித்தேன்.

புது கார்டு. எங்கள் விவகாரத்துக்குப் பிறகு அடித்தது. ஆறாம் எண் டேங்கின் கார்டில் அவர் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக:

‘நிறுத்தம்: 4 நிமிடம். காரணம்: இழை அறுந்தது. ரெசின்: மாற்றினேன்.’

நாலு நிமிடத்துக்கு ரெசினை மாற்றத் தேவையே இல்லை. அது அவருக்கும் தெரியும்.

கடைசியில் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்: ‘யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?’ மற்றவர்கள் அதில் சூப்பர்வைசர் பெயரை எழுதுகிறார்கள், இல்லை கோடு போட்டுவிடுகிறார்கள்.

அவர் எழுதியிருந்தார்: ‘யாரையும் கேட்கவில்லை.’

உறையில் போட்டு, ஓரம் பிரியாமல் அழுத்தி ஒட்டினேன்.