சமதளத்தில் நிற்கும் லாரி

அன்புள்ள அப்பாவுக்கு ஐரின் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நீங்கள் ஓட்டி, இப்போது நான் ஓட்டும் லாரியை வாங்க ஆள் பார்த்துவிட்டீர்கள். விற்க முடியாது என்று நான் சொன்னால் போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

போன வாரம் சிவாஜிநகர் மார்க்கெட் வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. பெரிதாக ஒன்றுமில்லை. நாலு பேர் திட்டினார்கள், நானும் திட்டினேன். மெக்கானிக் வந்து பார்த்து, "டீசல் பம்பே போச்சும்மா, குஜிரிக்கு எடை போட்டுடு" என்றார். உங்களைப் போலவே அவரும் விற்கச் சொல்கிறார்.

நான் பழைய இரும்புக்குப் போடவில்லை. தள்ளி ஸ்டார்ட் பண்ண வசதியாக, லிங்கராஜபுரத்தில் வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவேன். அங்கே மட்டும் தள்ளாமலே, சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது; சமதளத்தில்தான் அடம். பம்ப் போயிருந்தால் இறக்கத்திலும் அப்படித்தானே இருக்கும்? சமதளத்தில் நிற்கும்போது எங்கோ காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது; இறக்கத்தில் டேங்க் இன்ஜினைவிட மேலே இருப்பதால் திரும்புவதில்லை. தேடினேன். டீசல் ஹோஸில் மெல்லிய வெடிப்பு. புது ஹோஸ் மாட்டி, லைனில் இருந்த காற்றை எடுத்தேன். இப்போது சாவியைத் திருப்பியதும் பிடிக்கிறது.

உங்கள் பழைய சீட் குஷனை பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். எனக்கில்லை, பக்கத்து சீட்டுக்கு. அது காலியாகவே வருகிறது.

லோடு ஏற்றிவிட்டார்கள், கிளம்புகிறேன். விலை பேச வந்தவரிடம் சொல்லிவிடுங்கள்: ஐரின் இனி வண்டியை இறக்கத்தில் நிறுத்தமாட்டாள்.

உங்கள் மகள்,
ஐரின்